மணலுக்கு உயரம் மருந்தல்ல

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன்பு, தனுஷ்கோடிக்கு வேன்களும் ஜீப்புகளும் மணலில்தான் போய்வந்தன. இன்று சாலை இருக்கும்போது, வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து சஸ்பென்ஷனை உயர்த்துவது வீண்வேலை, ஆபத்தும்கூட. உயரத்தோடு ஈர்ப்பு மையமும் ஏறும், பாம்பன் பாலத்துப் பக்கக்காற்றில் வண்டி கூடுதலாக ஆடும், பிரேக் ஹோஸ் இழுபடும். பாறைத் தடத்தில் உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மணலில் புதைவது டயர். அதன் காற்றைக் குறைத்தால் தடம் அகன்று பிடிப்பு கிடைக்கும். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். என் வண்டி, என் விருப்பம் என்பதும் செல்லாது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், நல்ல டயரும் காற்று அளக்கும் கருவியும் வாங்குங்கள்.