தல, போதும்: ஒரு முட்டி டாக்டரின் த்ரெட்

1/ திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுறேன். ஆண்டிபட்டியில் எலும்பு மூட்டு டாக்டர் நான். 2008-லிருந்து மஞ்சள் சட்டை. கிளினிக் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பது 2011 ஏப்ரல் 2, வான்கடே சிக்ஸர். அப்படிப்பட்ட நான் சொல்றேன்: தோனி அடுத்த ஐபிஎல்லுக்கு மட்டையோடு வரக்கூடாது.

2/ மே 25 குஜராத் மேட்ச் முடிஞ்சதும், நாலஞ்சு மாசம் இருக்கு, அவசரம் இல்லைன்னு சொல்லிட்டு ராஞ்சிக்குக் கிளம்பிட்டார். 2025 ஜூலை 7-ல் 44 முடிஞ்சது. முடிவு அவருடையதுதான். ஆனா அந்த முடிவை எடுக்க விடாமல் தடுக்கிறது நாமதான். அதனால இந்த த்ரெட் அவருக்கு இல்லை, உங்களுக்கு.

3/ முதல்ல ஒண்ணு. "வயசாயிடுச்சு, கண்ணு தெரியலை"ன்னு பேசுறவங்களோடு என்னைச் சேர்க்காதீங்க. நாற்பதில் வரும் வெள்ளெழுத்து கிட்டத்துப் பார்வையைத்தான் பாதிக்கும், 18 மீட்டர் தள்ளி இருக்கிற பௌலர் கையை இல்லை. நூர் அகமது பந்தில் சூர்யகுமாரை ஸ்டம்பிங் பண்ணின கையைப் பாத்தீங்கல்ல? அது கிழவன் கை இல்லை.

4/ அப்போ என்ன பிரச்சினை? முட்டி. அவரை நான் பரிசோதிச்சதில்லை. பொதுவில் வந்ததை வெச்சுத்தான் பேசுறேன். 2023 ஜூனில் இடது முழங்காலில் ஆபரேஷன். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, தேஞ்சா பழையபடி வளராது. வயசு ஏற ஏற, வெடிச்சுக் கிளம்புற வேகத்தைத் தரும் தசைநார்கள்தான் முதல்ல குறையும். ஒரு நொடி வேலையை உடம்பு செய்யும். ஒரு மணி நேர வேலையைச் செய்யாது.

5/ "20 ஓவர் குந்தி குந்தி எழுந்து கீப்பிங் பண்றாரே?"ன்னு கேப்பீங்க. கேள்வியிலேயே பதில் இருக்கு. குந்தும்போது முட்டிச்சில்லு மேல விழுற அழுத்தம் உடம்பு எடையைப்போல பல மடங்கு. 120 பந்து அப்படிக் குந்தின முட்டியோடு அப்புறம் வந்து இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி ஓடணும். குந்துறது வேற, ஓடி நின்னு சட்டுனு திரும்புறது வேற. என்கிட்ட வர்ற பாதி முட்டிகள் இரண்டாவதில்தான் அழும்.

6/ கோச் ஃபிளெமிங்கே கௌஹாத்தி மேட்ச்சுக்கு அப்புறம் ஒப்புக்கொண்டார்: முட்டி பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது. அதுக்கு இரண்டு நாள் முன்னாடி, மார்ச் 28, சேப்பாக்கம். ஆர்சிபி 196. நம்ம ஆள் இறங்கினது ஒன்பதாவதா. 16 பந்தில் 30 அடிச்சார், கைதட்டினோம். மேட்ச் 50 ரன்னில் போச்சு. 2008-க்கு அப்புறம் பெங்களூரு அங்கே ஜெயிச்சது அன்னைக்குத்தான்.

7/ சரி, மேல இறங்கட்டும்னா? ஏப்ரல் 5, டெல்லிக்கு எதிரா சேஸிங், 11-வது ஓவரிலேயே வந்தார். 26 பந்தில் 30. விஜய் சங்கர் 54 பந்தில் 69. இரண்டு பேரும் கடைசி வரை நாட் அவுட், தோத்தது 25 ரன்னில். கீழே இறங்கினா லேட், மேல இறங்கினா ஓட முடியலை. இதுக்கு மருந்து கிடையாது மக்களே.

8/ நியாயமா பேசணும். 2024-ல் வான்கடேயில் பாண்டியா ஓவரில் மூணு சிக்ஸர், 4 பந்தில் 20. நாம ஜெயிச்சதும் சரியா 20 ரன்னில். 2025-ல் ஈடன் கார்டனிலும் கடைசி வரை நின்னு முடிச்சுக் கொடுத்தார். மறுக்கலை. ஆனா நாலு பந்துக்காக பதினோரு பேரில் ஒரு இடம்னா, மீதி ஆர்டரை அந்த முட்டிக்கு ஏத்த மாதிரிதான் அடுக்கணும். அதன் விலை: 14 மேட்ச், 4 வெற்றி, முதல் தடவையா கடைசி இடம். முழுப் பழியும் அவருடையது இல்லை. ஆனா பங்கு உண்டு.

9/ ஒரு பெரிய ஆட்டக்காரர் வழிவிட வேண்டிய நேரம் எது? ஆவரேஜ் பாக்காதீங்க, பிறந்த வருஷம் பாக்காதீங்க. மூணு அறிகுறி சொல்றேன்.
ஒண்ணு: மேட்ச் கேக்கிற இடத்தில் இறங்காமல் உடம்பு அனுமதிக்கிற இடத்தில் இறங்குறது.
இரண்டு: அவர் இல்லைன்னா யார்னு அணியே யோசிக்காமல் இருக்கிறது.
மூணு: சொந்த டீம் விக்கெட் விழுந்தா ரசிகன் கைதட்டுறது.

10/ மூணாவதுதான் முத்தின நோய். 2023-லேயே ஜடேஜா சிரிச்சுக்கிட்டே சொன்னார், நான் மேல இறங்கினா ஜனங்க நான் அவுட் ஆகணும்னு காத்திருப்பாங்கன்னு. நமக்கு வெக்கமா இருந்திருக்கணும். மீம் போட்டோம்.

11/ "வேற ஆள் எங்கே?" இருந்தாங்களே! ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதால்தான் ஆயுஷ் மாத்ரே உள்ளே வந்தான். வயசு 17. ஆர்சிபிக்கு எதிரா 48 பந்தில் 94. அவன் பிறந்த 2007-ல்தான் தோனி டி20 உலகக்கோப்பையைத் தூக்கினார். உர்வில் படேல், அவனும் கீப்பர்தான், முதல் மேட்ச்சில் 11 பந்தில் 31. இவங்களுக்குக் கதவு திறந்தது திட்டத்தால் இல்லை. சீசன் செத்த பிறகு.

12/ அந்த 2007 அணி எப்படி வந்தது? சச்சின், டிராவிட், கங்குலி மூணு பேரும் அந்தத் தொடர் இளைஞர்களுக்குன்னு ஒதுங்கினாங்க. அந்தக் காலி இடத்தில்தான் நீளமுடி தோனி கேப்டனா நின்னார். வழிவிட்டவங்க இல்லைன்னா "தல" ஏது?

13/ 2012 ஆஸ்திரேலியா முத்தரப்புத் தொடர் ஞாபகம் இருக்கா? சச்சின், சேவாக், கம்பீர் மூணு பேரும் ஒண்ணா ஆடினா ஃபீல்டிங்கில் ரன் போகும்னு மாத்தி மாத்தி உட்கார வெச்ச கேப்டன் யார்? அப்போ சச்சினுக்கு 38. நாம என்ன சொன்னோம்? "தைரியமான முடிவு"ன்னோம். அதே அளவுகோலை இப்போ வெச்சா துரோகியா?

14/ போகத் தெரியாதவரா அவர்? 2014 டிசம்பர் 30, மெல்போர்ன். தொடர் நடுவிலேயே டெஸ்ட்டை விட்டார், வயசு 33. விழா இல்லை, கண்ணீர் இல்லை. நம்ம அஸ்வினும் 2024 டிசம்பர்ல பிரிஸ்பேனில் அப்படித்தான் கிளம்பினார். லக்ஷ்மண் 2012-ல் அணியில் பெயர் இருந்தும், சொந்த ஊர் ஹைதராபாத் டெஸ்ட்டுக்கு முன்னாடியே விலகினார். அதே டெஸ்ட்டில் புஜாரா 159.

15/ ஆண்டிபட்டிக்காரனுக்கு இதைப் பேச ஒரு தகுதி இருக்கு. 1984-ல் ப்ரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை, ஒரு நாள்கூட பிரச்சாரத்துக்கு வராமலே ஜெயிக்க வெச்ச ஊர் இது. ஆள் வேணாம், முகம் போதும்னு அன்பு செலுத்தத் தெரிஞ்ச ஜனம். அந்த அன்பைக் கிண்டல் பண்ணலை, எங்க வீட்டுப் பெரியவங்களும் அந்த வரிசையில் நின்னவங்கதான். ஆனா ஸ்கோர்போர்டு ஓட்டுப்பெட்டி இல்லை. அங்கே முகத்துக்கு ரன் கிடையாது.

16/ சக்கம்பட்டியிலிருந்து முட்டி தேஞ்சு வரும் நெசவாளிகள் நிறைய. தறியை மகன்கிட்ட விட்டுட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இழை அறுந்தா மட்டும் குரல் கொடுப்பாங்க. யாரும் அவங்களை நெசவாளி இல்லைன்னு சொன்னதில்லை. தோனி டக்அவுட்டில் உட்காரட்டும். அந்த மூளைக்கு முட்டி வேணாம்.

17/ கடைசியா என் கதை. ஞாயிறு காலை டென்னிஸ் பால் மேட்ச்சில் நான் ஒன் டவுன். ஏன்? பந்து வாங்குறது நான். வயசு 47, சிங்கிள்தான் ஓடுவேன். ஒரு பதினேழு வயசுப் பையன் மூணு வாரமா மட்டையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்து, இறங்காமலே வீட்டுக்குப் போனான். யாரும் என்னைத் தள்ளி நில்லுங்கன்னு சொல்லலை. டாக்டர்கிட்ட யார் சொல்லுவா? தோனிகிட்ட யார் சொல்லுவா?

18/ போன ஞாயிறு அவனை முன்னாடி அனுப்பிட்டு நான் அம்பயரா நின்னேன். ஏழு ரன்னில் போல்டு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.
இந்த ஞாயிறும் அவன்தான் இறங்குவான்.