எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம்

குடும்ப சமரசப் பணியில் வேற்றுமைகளை மதிப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

தென்காசிப் பக்கம் ஒருவருடைய சாதியைத் தெரிந்துகொள்ள யாரும் சாதிப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால் போதும். சமரசம் பேச வருகிற குடும்பங்களும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சமரசரிடம் இதைத்தான் கேட்கின்றன. பதில் கிடைத்ததும் ஒரு தரப்பின் முகம் தெளியும், மற்றதன் முகம் இறுகும். உட்காருவதற்கு முன்பே காரியம் பாதி கெட்டுப்போகும்.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் குடும்பத் தகராறுகளில் சமரசப் பணி செய்துவரும் நாங்கள், எங்கள் நிலையைப் பொதுவில் எழுதி வைப்பது நல்லது என்று கருதுகிறோம். சாதி, மதம், மொழி, பிழைப்பு, பாலினம் எல்லாவற்றிலும் வேறுபட்ட குடும்பங்களை ஒரே படியால் அளக்க முடியாது. அதே சமயம், "எங்க வழக்கம் இது" என்று சொல்லி ஒருவருடைய பாதுகாப்பையோ சம்மதத்தையோ விலைபேச வந்தால் நாங்கள் எழுந்துவிடுவோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எளிதல்ல. எங்களுக்கும் சில நேரம் தவறியிருக்கிறது.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த சின்ன மாவட்டம் இது. ஆனால் இதற்குள் எத்தனை விதக் குடும்பங்கள்! செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். இன்றும் புளியரைக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் உண்டு. மருமகள் மலையாளத்தில் அழுவாள், மாமியார் தமிழில் திட்டுவார். கடையநல்லூரில் கணவன் வளைகுடாவில் இருப்பான், சண்டை வாட்ஸ்அப்பில் நடக்கும். பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்தில் சபை ஐயர் (பாதிரியார்) வந்து ஜெபித்துவிட்டுப் பேசச் சொல்வார். மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள். பழங்குடியினருக்கு, மத்திய அரசு தனியே அறிவித்தால் ஒழிய, இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவே சொல்கிறது. இது தெரியாமல் பளியர் தம்பதியிடம் "பரஸ்பர சம்மத மனு போடுங்க" என்று அறிவுரை சொல்கிற படித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். பரஸ்பர சம்மத மணவிலக்குக்கு இந்து தம்பதி ஓராண்டு பிரிந்திருந்தால் போதும் என்கிற இடத்தில், கிறிஸ்தவர்களுக்கான 1869 மணவிலக்குச் சட்டத்தின் ஏட்டில் ஈராண்டு என்று இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரள உயர்நீதிமன்றம் அந்தக் காத்திருப்பை ஏற்க மறுத்துவிட்டது.

வேற்றுமையை மதிப்பது என்றால் வணக்கம், சலாம், ஸ்தோத்திரம் மூன்றையும் சொல்லத் தெரிந்திருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். மரியாதைக்கு அது போதும், வேலைக்குப் போதாது. செங்கோட்டை வட்டாரத்து மீனாட்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1981 பிப்ரவரி 19 அன்று அந்த ஊரின் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்கு மாறியது நாடே பேசிய செய்தி. சாதிக்கொடுமையிலிருந்து விலகப் போனவர்கள் அவர்கள். மாற்றத்துக்குப் பிறகு பாகப்பிரிவினைகளும் வரும். இப்படி அண்ணன் மாறி, தம்பி மாறாமல் இருக்கிற எந்தக் குடும்பத்திலும் சொத்து என்று வரும்போது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு எழுந்து நிற்கும். மதம் மாறியவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளும், அவர்கள் வழி வந்தவர்களும், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. மகன் மாறுவதற்கு முன் பிறந்த பேரன் வாரிசாகலாம், மாறிய பின் பிறந்த பேத்தி ஆக முடியாது. இருவரும் ஒரே ஆச்சியின் மடியில் வளர்ந்தவர்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால் சட்டப்படிதான் தீர்ப்பு வரும். சமரச மேசையில் அப்படியில்லை. தாத்தா உயிரோடு இருக்கும்போதே தன் சொந்தச் சொத்தை உயிலாகவோ தானமாகவோ யாருக்கும் எழுதலாம். சித்தப்பா மனம் ஒப்பி ஒரு செண்டு விட்டுக்கொடுக்கலாம். சட்டம் மூடிய கதவை ஒரு குடும்பம் தானே திறந்துகொள்ள முடியும் என்றால் அந்த இடம் இதுதான். ஆனால் அதற்கு 26ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பது சமரசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் "சமமா பிரிச்சுக்கோங்க" என்று புன்னகைத்து அனுப்பிவிடுவார், பத்தாண்டு கழித்து அதே குடும்பம் வழக்குக் கட்டோடு நிற்கும்.

சாதி, மதம் மட்டுமே வேற்றுமை என்று நினைத்த தவறை நாங்களும் செய்தோம். ஒரு சம்பவத்தை ஊர், பேர், அடையாளம் எல்லாம் மாற்றிச் சொல்கிறோம். பிரிந்து வாழும் ஒரு தம்பதி. இரு தரப்புக்கும் ஒரே சாதி, ஒரே கோயில் கொடை. எளிதாக முடியும் என்று நினைத்தோம். நகை எத்தனை பவுன், சீர் சாமான் யாரிடம், பிள்ளை யார் வீட்டில் என்று மூன்று அமர்வுகள் ஓடின. பெண்ணின் சார்பில் பேசியதெல்லாம் அவளுடைய பெரியப்பா. அவள் வாயைத் திறந்தால், "அவ என்னத்தச் சொல்லுவா, நான் சொல்லுதேன்" என்பார். நான்காம் அமர்வில் பெரியப்பாவை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பெண் சமரசர் ஒருவர் அவளிடம் தனியே பேசினார். நகையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆறு வருஷம் எங்க மாமியா பேர்ல உள்ள பாஸ்ல பீடி சுத்தியிருக்கேன். பிஎஃப்பு அவங்க கணக்குல ஏறியிருக்கு. அதுக்கு என்ன கணக்கு?" என்றாள்.

ஆலங்குளம் முதல் கடையம் வரை வீட்டுக்கு வீடு பீடித்தட்டு இருக்கும் நாட்டில், வக்கீல்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நிறைந்த எங்கள் குழுவுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஒப்பந்தத்தில் அந்த ஆறு வருஷ உழைப்புக்கு ஒரு தொகை எழுதப்பட்டது. அன்று முதல், ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது தனியே கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்குவதில்லை. பெண் தரப்பு என்று ஒன்று இருக்கிறது, பெண் என்று ஒருத்தி இருக்கிறாள். இரண்டும் ஒன்றில்லை.

நேரமும் ஒரு வேற்றுமைதான். ஜூன் தொடங்கி சாரல் விழும் மாதங்களில் குற்றாலத்தில் கடை போட்டு, எண்ணெய் தேய்த்து, பழம் விற்று ஒரு வருஷச் சாப்பாட்டைச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜூலை மாதம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லி அழைப்பு அனுப்பிவிட்டு, வராதவரை "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பெழுதுவது அநியாயம். அவர்களுக்குச் சீசன் முடிந்து வைப்போம், அவசரமானால் இரவில் வைப்போம். வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணொளி வழி. 2023 சமரசச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் அறையில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்வோம்.

இனி, நாட்டாமை, ஜமாஅத், சபை பற்றி. மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது எங்களுக்குப் புரிகிறது. திண்ணையில் ஒரு வாரத்தில் முடியும், பேச்சு நம் பேச்சாக இருக்கும், கோர்ட்டுப் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டாம். பெரியவர்களுக்குக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை தெரியும். அந்த அறிவு எங்களுக்கு வேண்டும், ஆகவே இரு தரப்பும் விரும்பினால் அவர்களை அழைத்துக் கேட்போம். தீர்ப்புச் சொல்ல விடமாட்டோம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம், ஒழிக்கப்பட வேண்டியது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். தனியார் அமைப்புகள் கொடுக்கும் குலா (முஸ்லிம் மனைவி கோரும் மணவிலக்கு) சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தாளை நம்பி மறுமணம் பேசும் பெண்ணுக்கு இதை முதலிலேயே சொல்வது எங்கள் கடமை. "ஊர்ல அத்துவிட்டாச்சு" என்று வருகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். வழக்காற்று மணவிலக்கை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்களிடம் உண்டென்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில்.

அடி உதை நடந்த வீட்டில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகள், ஆலோசனையின்போது அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்கின்றன. எந்தச் சாதியின் வழக்கமும் எந்த மதத்தின் நூலும் இந்த இடத்தில் எங்களிடம் செல்லாது.

சாதி மாறித் திருமணம் செய்தவர்களின் பெற்றோர் "சும்மா பேசி வைக்கணும்" என்று வருவார்கள். பெரும்பாலும் அதன் பொருள் பெண்ணைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்பது. அந்த வேலை எங்களுடையதில்லை. வயது வந்த இருவரும் தாங்களாகக் கேட்டால் மட்டும், அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்களுடைய முகவரியை வெளியிடாமல் பெற்றோரோடு பேச ஏற்பாடு செய்வோம். திருநங்கையரின் திருமணத்துக்கும் இதே மரியாதை. ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று 2019இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது தூத்துக்குடித் தம்பதிக்காக. நமக்குப் பக்கத்து மாவட்டம்தான்.

நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கியது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. 2023 சட்டம் சமுதாய சமரசத்துக்கு மூவர் குழு என்கிறது, குழுவை அமைக்கும்போது பெண்களுக்கும் பிற பிரிவினருக்கும் பிரதிநிதித்துவம் தருவதைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த "லாம்" எங்களுக்கு உறுத்துகிறது. எங்கள் அளவில் அதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்கிறோம்: பெண் இல்லாத மூவர் குழு குடும்பத் தகராறில் உட்காராது. சமரசருக்குத் தரப்பினர் யாரோடாவது உறவோ தொழில் தொடர்போ இருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார், யாரும் ஆட்சேபித்தால் மாறிக்கொள்வார். தெருவைக் கேட்டால் மட்டும் பதில் சொல்ல மாட்டார்.

எங்கள் குழுவில் இன்று பளியர் ஒருவரும் இல்லை, திருநங்கை ஒருவரும் இல்லை, பீடி சுற்றும் பெண் ஒருவரும் இல்லை. சமரசர் பயிற்சி 40 மணி நேரம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, பிறர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிந்தால் போதும். தெருவில் சண்டை வந்தால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், உங்களைத்தான் நாங்களும் தேடுகிறோம். வாருங்கள். கூலி போகாதபடி, வகுப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளலாம்.