தோற்கிற கோச்சை என்ன செய்வது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்தது. போனில் எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு மெசேஜ். குட்மார்னிங் பூக்களும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும் மட்டுமே வருகிற குழு அது. அன்றைக்கு வந்திருந்தது ஒரு மனு.

பெண்கள் பாஸ்கட்பால் அணியின் கோச்சை மாற்ற வேண்டுமாம். தொடர்ந்து இரண்டு வருடம் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் ரவுண்டிலேயே தோல்வி, கல்லூரியின் பெயர் கெடுகிறது, நம் காலத்தில் இப்படியா இருந்தது, இத்யாதி. கீழே இருபத்தேழு பேர் பெயர் போட்டிருந்தார்கள். அடுத்த நிமிடமே கூடப் படித்தவள் போன் போட்டுவிட்டாள். "ஏட்டி, நீயும் டீம்ல ஆடுனவதான? உன் பேரு இல்லேன்னா நல்லாவா இருக்கும்? ஒரு பேரைப் போடு."

ஆடினவள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அதற்கே ஒரு கோப்பை தரலாம். இருந்தாலும் ஜெர்சி போட்டவள் என்கிற உரிமை உண்டல்லவா? "யோசிச்சுச் சொல்லுகேன்" என்று வைத்துவிட்டேன்.

கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். கோச்சின் பெயரும் வேண்டாம். நிரந்தர வேலை இல்லை அவருக்கு. வருடா வருடம் ஜூனில் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. வடசேரி பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள் அவரைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. ஜூனில் அந்தக் காகிதம் வராவிட்டால் மனுவில் பெயர் போட்ட எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் வீட்டில் ஆகும்.

அதற்காக, பாவம் பார்த்து வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு நல்ல கோச் கிடைப்பதும் முக்கியம்தான். அப்படியானால், தோற்கிற கோச் நல்லவரா இல்லையா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் மஞ்சள் ஜெர்சிதான். 2025 ஐ.பி.எல்.லில் சென்னை அணி 14 ஆட்டத்தில் 4 மட்டுமே ஜெயித்து, வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. சேப்பாக்கத்திலேயே தொடர்ந்து 5 தோல்வி. டீக்கடை பெஞ்சு முழுக்க அப்போது ஒரே பேச்சு, "ஃபிளெமிங்கை மாத்தணும்." ஸ்டீபன் ஃபிளெமிங் 2009-இலிருந்து அந்த அணியின் கோச். 5 கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நிர்வாகம் அவரை மாற்றவில்லை. ஆட்களைத்தான் மாற்றியது. ஜடேஜாவையே ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைக் கூட்டிவந்தார்கள்.

அது சரியா தப்பா என்று அடித்துக்கொள்ள நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் கவனித்தது வேறு. அந்த மோசமான சீசனின் பாதியில் ஆயுஷ் மாத்ரே என்கிற 17 வயதுப் பையனை இறக்கினார்கள். பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தான். ஆட்டம் 2 ரன்னில் போய்விட்டது. கடைசி ஆட்டத்தில், அப்போது பட்டியலில் முன்னணியில் இருந்த குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தார்கள். புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் பத்தாவது இடம் மட்டும்தான் தெரியும். உள்ளே ஏதோ முளைத்துக்கொண்டிருந்தது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஃபிளெமிங்குக்கு 5 கோப்பை பாங்கில் போட்ட பணம் மாதிரி. கெட்ட காலத்தில் எடுத்துச் செலவழிக்கலாம். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு யார் தவணை கொடுப்பார்கள்?

ஒருவர் கொடுத்தார். அமெரிக்காவில், அதுவும் கல்லூரி பாஸ்கட்பாலில்.

அங்கே கல்லூரி பாஸ்கட்பால் என்றால் நம் ஊர் கிரிக்கெட் மாதிரி. டிக்கெட், டி.வி., நன்கொடை, அரசியல் எல்லாம் உண்டு. 1980-இல் டியூக் பல்கலைக்கழகம் மைக் ஷெஷெவ்ஸ்கி என்கிற 33 வயதுக்காரரை கோச்சாக எடுத்தது. பெயர் வாயில் நுழையாததால் ஊரே 'கோச் கே' என்றுதான் கூப்பிட்டது. அதற்கு முந்தைய வருடம் ராணுவக் கல்லூரி அணியில் அவர் கணக்கு 9 வெற்றி, 17 தோல்வி. அவரைப் போய் எடுத்தார்களே என்று அப்போதே முணுமுணுப்பு. டியூக்கில் முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது சீசன் வர்ஜீனியாவிடம் 109-66 என்று உதை வாங்கி முடிந்தது. பழைய மாணவர்களும் நன்கொடை கொடுப்பவர்களும் பொங்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலம். கடிதமும் போனுமாகப் பறந்தன. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்: ஆளை மாற்று.

விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் டாம் பட்டர்ஸ். 1984 ஜனவரியில் அவர் கோச் கே-யின் ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தார். ஊர் சிரித்திருக்கும்.

109-66 என்று தோற்ற அணியில் ஆடியவர்களில் பலர் முதல் வருடப் பையன்கள். அதே பையன்கள் நான்காவது வருடம் படிக்கும்போது, 1985-86 சீசனில், 37 ஆட்டம் ஜெயித்து 3-இல் மட்டும் தோற்று, தேசிய இறுதிப் போட்டி வரை போனார்கள். இறுதியில் லூயிவில்லிடம் தோற்றார்கள். முதல் தேசியக் கோப்பை வர 1991 ஆனது, அதாவது அவருடைய பதினோராவது சீசன். அப்புறம் மொத்தம் 5 கோப்பை, அமெரிக்க அணியோடு 3 ஒலிம்பிக் தங்கம். 2022-இல் ஓய்வு பெறும்போது 1202 வெற்றி.

இதில் இன்னொரு கதையும் உண்டு. கோச் கே மாணவராக ஆடிய காலத்தில் அவருக்கு கோச் பாபி நைட். பின்னால் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போய் 29 சீசன், 3 தேசியக் கோப்பை. 1976-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியவர். ஆனால் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. 1985-இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கித் தரைக்கு நடுவில் வீசினார். பயிற்சியின்போது ஒரு மாணவனின் கழுத்தில் கை வைத்த பழைய வீடியோ 2000-இல் வெளியே வந்தது. இனி ஒரு தடவை என்றால் பொறுக்க மாட்டோம் என்று எச்சரித்தார்கள். சில மாதத்தில் வேறொரு மாணவரின் கையைப் பிடித்துக் கத்தினார் என்று புகார். அந்தச் செப்டம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தோற்ற சிஷ்யனை வைத்துக்கொண்டார்கள். ஜெயித்த குருவை அனுப்பினார்கள். இரண்டு முடிவும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நம் பக்கம் பெரும்பாலும் தலைகீழ். கோப்பை வந்தால் பிள்ளைகளை என்ன சொல்லித் திட்டினாலும், கை நீட்டினாலும், "கண்டிப்பான சார்" என்று பேர் கொடுத்துவிடுவோம். அப்படிப்பட்ட ஒருவர் விஷயமாக மனு வந்திருந்தால் புட்டு கரிந்தாலும் பரவாயில்லை என்று முதல் ஆளாகப் பெயர் போட்டிருப்பேன்.

இடையில் ஒரு தமாஷ். பாஸ்கட்பாலைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில், பீச் பழக்கூடையை மாட்டி ஆரம்பித்தார். அவரே கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து 55 ஆட்டம் ஜெயித்து 60 ஆட்டம் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே கோச் இன்றுவரைக்கும் அவர்தான். எங்கள் குழுவில் இருந்திருந்தால் அவருக்கு எதிராகவும் இருபத்தேழு பேர் கிடைத்திருப்பார்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தவர். நமக்கெல்லாம் பி.டி. சார்கள் வந்த வழி அது.

சரி, இதையெல்லாம் வைத்துக்கொண்டு 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று முடித்துவிடலாமா? முடியாது. ஒரு கோச் கே-க்குப் பின்னால், தவணை கொடுத்தும் தேறாத நூறு கோச்சுகள் இருந்திருப்பார்கள். அவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை. பட்டர்ஸ் ஒன்றும் ஜோசியம் பார்க்கவில்லை. எதையோ பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார். அந்த 'எதையோ' என்ன?

இதற்குப் பதில் எனக்கு எங்கள் தெருவிலேயே கிடைத்தது. அந்த அணியில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை ஒருத்தி எங்கள் தெருதான். அவள் அப்பா கோயில் நகை செய்கிறவர். வடசேரியில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. அரக்கு நிரப்பி, சிவப்புக் கல் பதித்து, பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்கு நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் இங்கிருந்துதான் போகும். புவிசார் குறியீடும் வாங்கிய நகை. அவரிடம் மனு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, எங்கிட்ட வேலை படிக்க ஒரு பய வந்தா, முத வருசம் எத்தனை கல்லை ஒடச்சான்னா கணக்குப் பாப்பேன்? ஒடைக்கத்தான் செய்வான். போன மாசத்துக்கு இந்த மாசம் கை நிக்குதான்னு பாப்பேன். நிக்கலேன்னா பயல மட்டும் ஏசக்கூடாது, படிப்பிச்ச என்னையும்லா ஏசணும்?"

வீட்டுக்கு வந்து மனுவை மறுபடி எடுத்துப் படித்தேன். 'இரண்டு வருடமும் முதல் ரவுண்டு தோல்வி.' ஸ்கோர் போடவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

போன வருடம் 52-14.

இந்த வருடம் 41-35.

எதிர் அணி இரண்டு வருடமும் ஒன்றேதானாம். மனுவுக்கு இரண்டும் ஒரே தோல்வி. எனக்கு அப்படித் தெரியவில்லை.

மேலும் விசாரித்தேன். பழைய அணியின் ஐந்து சீனியர்கள் ஒரே வருடத்தில் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இப்போது ஆடுகிறவர்களில் நான்கு பேர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் பந்தையே தொட்டவர்கள். சிமென்ட் தரையில் இரண்டு போர்டு உண்டு. ஒன்றில் ரிங் வளைந்து தொங்குகிறது. பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே ரிங்கில்தான் எறிய வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தரை நனைந்தால் பயிற்சி கிடையாது, வழுக்கி விழுந்தால் முட்டி போகும். மேற்கூரை போட்ட அரங்கம் உள்ள கல்லூரியோடுதான் போட்டி.

"மழை பெய்தா சார் எங்கள வராண்டாவுல நிப்பாட்டி, பந்து இல்லாம கால் மட்டும் வைக்கச் சொல்லுவாரு அத்தே. மொதல்ல சிரிப்பா வரும். இப்ப மேட்ச்ல கால் தானா போகுது" என்றாள். கோபப்படுவாரா என்று கேட்டேன். "கத்துவாரு. ஆனா கெட்ட வார்த்தை கிடையாது. யாருக்காவது வயித்துவலின்னா ஏன்னு கேக்க மாட்டாரு, உக்காரச் சொல்லிருவாரு." பெண் பிள்ளைகள் ஆடிய அணியில் இருந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

குறையும் சொன்னாள், மறைக்கவில்லை. கடைசி நான்கு நிமிடம் வரை இவர்கள் ஒரு புள்ளிதான் பின்னால். எதிர் அணி வேகத்தைக் கூட்டியதும் சார் டைம் அவுட் கேட்கவே இல்லை. கையில் ஒன்று மிச்சம் இருந்ததாம். "நாங்க மூச்சு வாங்கி நிக்கோம், சாரு பேந்த பேந்த முழிக்காரு." அவர் பெரிய தந்திரக்காரர் இல்லை என்பது உண்மைதான். ஆட்டம் நெருக்கிப் பிடிக்கும்போது என்ன செய்வதென்று அவருக்கும் பழகவில்லை. போன வருடம் 38 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவருக்கு நெருக்கமான ஆட்டம் எங்கே கிடைத்தது பழக?

அன்று ராத்திரி குழுவில் எழுதினேன். என் பெயரைச் சேர்க்க வேண்டாம், அவருக்கு இன்னும் இரண்டு வருடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கல்லூரியிடம் கேட்போம். இப்போது முதல் வருடம் படிக்கிற பிள்ளைகள் மூன்றாம் வருடத்தில் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்ப்போம். அப்போதும் முன்னேற்றம் இல்லையென்றால் நானே மனு எழுதுகிறேன். அதற்குள் அந்த வளைந்த ரிங்கை நாம் மாற்றிக் கொடுப்போம் என்று இரண்டு ஸ்கோரையும் சேர்த்துப் போட்டேன்.

கூடப் படித்தவள் இன்னும் போன் பண்ணவில்லை. கோபம் போலிருக்கிறது. இருபத்தேழில் மூன்று பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருவர் 'உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது' என்று எனக்கு அறிவுரை போட்டிருந்தார். நேற்று ராத்திரி பத்தரைக்கு, குவைத்தில் இருக்கிற ஒரு ஜூனியர் ஒரே வரி கேட்டிருந்தான்.

"அக்கா, ரிங் ஒண்ணா ரெண்டா? ரேட் விசாரிச்சியளா?"