முன்கதவும் பின்வளவும்

பாலாவியில் வாப்பாவின் வாப்பா கட்டிய எங்கள் வீட்டை 'ஹொலிடே ஹோம்' ஆக்கப்போகிறார்கள். தம்பி வரைபடம் அனுப்பியிருந்தான். விறாந்தைத் தூண்களும் செதுக்கிய முன்கதவும் அப்படியே இருக்கும். குசினி, கிணறு, பின்வளவு போய் நீச்சல் தடாகம் வரும். "பழமையைப் பாதுகாத்துத்தான் செய்றம், நானா" என்கிறான்.

இந்தப் 'பாதுகாப்பு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. திருத்த வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஓடு ஒழுகுகிறது. கக்கூசு தூரம், கடைசிக் காலத்தில்கூட உம்மா டோர்ச்சோடுதான் போய்வந்தார். வருமானமும் வேண்டும். காற்றுக் காலத்தில் பட்டத்தோடு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் பாலாவிச் சந்தியில் திரும்பித்தான் கல்பிட்டிக்குப் போகிறார்கள்.

ஆனால் எது பழமை? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளத்துக்கு வந்து சேர்ந்த அந்தச் சனத்தில் நான்கு குடும்பங்கள் எங்கள் பின்வளவில் கிடுகுக் கொட்டில் போட்டிருந்தன. அந்தக் கிணற்றில்தான் அள்ளினார்கள். உம்மாவின் அடுப்பில்தான் முதல் சோறு வெந்தது. (பிறகு தண்ணீருக்குச் சண்டையும் வந்தது, அதை மறைப்பானேன்?) முன்கதவால் அவர்கள் வந்ததேயில்லை. அந்தக் கதவுக்கு வார்னிஷ் பூசிவிட்டுக் கிணற்றை மூடுவது பாதுகாப்பல்ல, அலங்காரம்.

காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல கைமாறி இன்று சொகுசு விடுதிகளாகிவிட்டன. சுவரைக் காக்கச் சட்டம் உண்டு. குசினியைக் காக்க?

அந்தச் சுவரையும் விடுகிறார்களா? சுண்ணாம்பைக் கொத்திச் சீமெந்து பூச வேண்டுமாம். சீமெந்துத் தொழிற்சாலை உள்ள ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்: களப்பின் உப்பேறிய பழஞ்சுவர் சுண்ணாம்பின் வழியாகத்தான் ஈரத்தை வெளியே விடும். சீமெந்தால் மூடினால் உப்பு உள்ளேயே உறைந்து சுவரைத் தின்னும்.

இன்னொன்று. வீட்டில் ராத்தாமார் இருவருக்கும் பங்குண்டு. வரைபடம் போடுமுன் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த நான்கு குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கிணறும் குசினியும் வரைபடத்தில் திரும்பி வரட்டும்; அதுவரை என் பங்குக்கு நான் கையெழுத்து வைக்கப்போவதில்லை. தடாகம்தான் வேண்டுமென்றால் தென்பக்கம் வெறும் நிலம் கிடக்கிறது. இரண்டு தென்னைதான் நிற்கின்றன, அதிலும் ஒன்று காய்ப்பதில்லை.