பயிர்க்கடன் அட்டை இருந்தால் பணக்காரனா?



கடந்த கிராம சபையில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறோம். குடிநீர், தெருவிளக்கு, கொசு மருந்து என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார்கள். பத்தாவதோ பதினொன்றாவதோ பொருள், "வீட்டு வசதித் திட்டங்களுக்குப் பயனாளிகள் பட்டியல், நிதி கோரி மேலனுப்புதல்". ஒரே வரி. "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்றார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று நாம் எழுந்து கேட்டோம். "ஆன்லைன்ல ஏத்தியாச்சுங்க, அப்புறமா பாத்துக்கலாம்" என்று பதில். அதற்குள் கையெழுத்து நோட்டு மூன்று வரிசை தாண்டிப் போயிருந்தது. நம் சங்கத்து ஆட்களே போட்டிருந்தார்கள். குறை அதிகாரிகள் பக்கம் மட்டும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

ஊராட்சி ஒரு தாளில் நிதி கேட்டு எழுதுகிறது. அது ஒன்றியத்துக்குப் போகிறது, மாவட்டத்துக்குப் போகிறது, சென்னைக்கும் டெல்லிக்கும் போகிறது. அந்தத் தாளில் பெயர் இல்லாதவனுக்கு எத்தனை கோடி ஒதுக்கினாலும் ஒரு செங்கல்கூட வராது. ஆகவே வீடு கேட்பதற்கு முன்னால், அந்தத் தாளில் இருந்து நம்மை எது வெளியே தள்ளுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவர், ஒன்றே கால் ஏக்கர் நஞ்சை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் அவர் குடிசையின் கூரை பக்கத்து வயலில் போய் விழுந்தது. முழுதாக இடிந்த குடிசைக்கு அரசு அறிவித்த நிவாரணம் 10,000 ரூபாய். அதோடு நகையை அடகு வைத்து, இனி காற்றுக்குப் பயப்பட வேண்டாம் என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார். சுவர் இன்றும் மண்சுவர்தான். ஐப்பசி மழைக்குச் சுவர் ஊறி நிற்கிறது, உள்ளே படுக்கப் பயந்துகொண்டு பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறார். வீடு கேட்டுப் போனால், "உங்க வீட்டுக்கு ஷீட் கூரை இருக்கே, குடிசை கணக்குல வராதே" என்கிறார்கள். கீற்று வேய்ந்தே கிடந்திருந்தால் தகுதி இருந்திருக்கும். கடன் வாங்கிக் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொண்டது குற்றமாகிவிட்டது!

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தலையங்கமே எழுத வேண்டியதாயிற்று.

மத்திய அரசின் வீட்டுத் திட்டம் 1985ல் இந்திரா குடியிருப்புத் திட்டமாக வந்தது. 2016ல் பெயர் மாறி பிரதமர் வீடு ஆனது. 2024ல் அதை 2029 வரை நீட்டித்து, நாடு முழுவதற்கும் இன்னும் 2 கோடி வீடு என்றார்கள். அப்போது யாருக்கெல்லாம் வீடு கிடையாது என்ற விதிகளையும் திருத்தினார்கள். முன்பு மோட்டார் சைக்கிள் இருந்தால் கிடையாது, பிரிட்ஜ் இருந்தால் கிடையாது, தரைவழித் தொலைபேசி இருந்தால் கிடையாது. அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் கிடையாது என்றிருந்ததை 15,000 ஆக்கினார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்றை மட்டும் தொடவில்லை. கிசான் கடன் அட்டையில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ வரம்பு இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு வீடு கிடையாது!

யோசித்துப் பாருங்கள். கடன் அட்டை என்பது சொத்தா? அது கடன். சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடன். விதை நெல்லுக்கும் உரத்துக்கும் நடவு கூலிக்கும் வாங்கி, அறுத்துக் கட்ட வேண்டிய பணம். இன்று நெல் சாகுபடி செய்யும் செலவுக்கு இரண்டு ஏக்கருக்கே வரம்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். இந்த ஐம்பதாயிரம் என்ற கணக்கு 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் வைத்தது. அன்றைக்கு டிஏபி மூட்டை என்ன விலை, நடவுக்கு ஆள் கூலி என்ன, இன்றைக்கு என்ன என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2020ல் பி.எம். கிசான் வாங்கும் எல்லா விவசாயிக்கும் கடன் அட்டை கொடுக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தியதே இதே அரசுதான். வங்கி ஆட்கள் ஊருக்கே வந்து படிவம் நிரப்பினார்கள். 2025 ஜனவரி முதல், அடமானம் இல்லாமல் கொடுக்கும் விவசாயக் கடன் வரம்பை 1.60 லட்சத்திலிருந்து 2 லட்சமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அதே ஆண்டு பட்ஜெட்டில், வட்டிச் சலுகை உள்ள அட்டைக் கடனின் வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்குவோம் என்றார்கள். விலைவாசி ஏறியது என்று கடன் கொடுக்கும் துறைக்குத் தெரிகிறது. வீடு கொடுக்கும் துறைக்கு மட்டும் தெரியவில்லையா? ஒரு கை அட்டையை நீட்டுகிறது, மறு கை அந்த அட்டையையே காட்டி "நீ பணக்காரன், போ" என்கிறது.

நில அளவையும் கேளுங்கள். ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவன் சிறு விவசாயி என்று அரசே வரையறை செய்து வைத்திருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் கொடுக்கும் சான்றிதழும் அந்தக் கணக்குதான். ஆனால் வீட்டு விதியில், பாசன நிலம் இரண்டரை ஏக்கர் இருந்தாலே வெளியே! பாசன நிலம் என்றால் எந்தப் பாசனம்? ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்கால் தலைப்பில் நின்று பார்க்கிறோமே, அதுவும் அடங்கலில் பாசனம்தான். முப்போகம் விளையும் இரண்டரை ஏக்கரும், ஒரு சம்பா விளைந்தால் போதும் என்று கிடக்கும் இரண்டரை ஏக்கரும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்.

இதை எல்லாம் ஊராட்சி மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. மத்திய விதியை மாற்றும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. ஆனால் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு கிராம சபைக்கு இருக்கிறது, அதில் குறை இருந்தால் முறையிட மாவட்ட அளவில் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதெல்லாம் வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016ல் சமவெளிப் பகுதிக்கு ஒரு வீட்டுக்கு வைத்த தொகை 1.20 லட்சம். 2024ல் நீட்டித்தபோதும் அதே 1.20 லட்சம்தான். அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், அதாவது 72,000 ரூபாய். கான்கிரீட் தளத்துக்கென்று மாநிலம் கூடுதலாகப் போட்டுத்தான் இங்கே அது 1.70 லட்சமாகவும் பிறகு 2.40 லட்சமாகவும் ஆனது. பெயர்ப் பலகையில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்! மாநில அரசு 2024ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, 2030க்குள் 8 லட்சம் வீடு என்றார்கள். தொகை பரவாயில்லை. ஆனால் எந்தத் திட்டமானாலும் பணம் தவணையாகத்தான் வரும். பேஸ்மட்டம் எழுப்பிப் படம் எடுத்தால் ஒன்று, லிண்டல் மட்டம் வந்தால் ஒன்று, தளம் போட்டால் ஒன்று. பேஸ்மட்டம் எழுப்பும் காசுக்கு எங்கே போவது? வட்டிக்குத்தான். ஓவர்சீயர் வந்து படம் எடுக்கப் பதினைந்து நாள், பில் போடப் பதினைந்து நாள், இடையில் வட்டி நிற்காது. பாதியில் நின்றுபோய்க் கம்பி துருப்பிடித்த வீடுகள் நம் சுற்றுவட்டத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கட்ட முடியாதவன் சோம்பேறி இல்லை, முதல் தவணைக்கு முன்னாலேயே முறிந்துபோனவன்.

அடிமனைக்காரர்கள் நிலை தனி. நம் டெல்டாவில் பண்ணையார் இடத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு 1971 குடியிருப்புச் சட்டம் மனையைச் சொந்தமாக்கியது. அது சும்மா வந்ததில்லை, நம் முன்னோர் ரத்தம் சிந்தி வாங்கியது. கோயில், மடத்து மனையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் இன்றும் வாடகைதாரர்தான். பட்டா இல்லை, பட்டா இல்லாதவனுக்கு வீடு இல்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு பிரசுரமே போட வேண்டும், போடுவோம்.

பழைய தொகுப்பு வீட்டுக்காரர்களுக்கு ஒரு சேதி. தளத்தில் கம்பி தெரிகிறது, காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுகிறது, ஆனால் "உங்களுக்குத்தான் ஏற்கெனவே வீடு கொடுத்தாச்சே" என்று திருப்பி அனுப்பினார்கள் அல்லவா? 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய 2.50 லட்சம் வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி என்று 2024ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சீரமைக்க முடியாத அளவு பழுதான 25,000 வீடுகளைத் திரும்பக் கட்ட 600 கோடி என்று 2025-26 பட்ஜெட்டில் சொன்னார்கள். இரண்டுக்கும் கணக்கெடுப்பு நடந்தது. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து பார்த்தார்களா? வந்தார்கள் என்றால் சரி. வரவில்லை என்றால், உங்கள் பெயரை யார் விட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

"தலைவரே இல்லாம யாருகிட்ட கேக்கறது?" என்று சிலர் சொல்கிறார்கள். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நம்முடையது உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. 2016லிருந்து 2019 வரையும் இதே கதைதான். அப்போது தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி நிதிக்குழு மானியத்தையே டெல்லி நிறுத்தி வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டமே செல்லும். அதனால்தான் கையெழுத்து நோட்டு அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது!

இந்த முறை கையெழுத்தைக் கடைசியில் போடுவோம். முதலில் பட்டியலை வாசிக்கச் சொல்லுவோம், ஒவ்வொரு பெயராக, சத்தமாக. டிராக்டர் வைத்திருப்பவர் பெயர் வந்தால் அங்கேயே சொல்லுவோம். நம் சங்கத்து ஆளாக இருந்தாலும் சொல்லுவோம். விடுபட்ட பெயர்களை அங்கேயே எழுத வைப்போம். அதற்குப் பிறகு நம் தீர்மானம்: பயிர்க்கடன் அட்டையைக் காரணம் காட்டி எந்த விவசாயியையும் நீக்கக் கூடாது, ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு விவசாயிக்கு வீடு வேண்டும், மண்சுவர் மேல் ஷீட் போட்ட வீட்டையும் குடிசையாகவே கணக்கில் எடுக்க வேண்டும், பேஸ்மட்டத்துக்கு முன்பணம் வேண்டும். இதை ஊராட்சியின் நிதி கோரிக்கையோடு இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் இரு அரசுகளுக்கும் அனுப்ப வேண்டும். "இது எங்க வரம்புல வராது" என்பார்கள். வரும் வராது என்பதை மேலே இருப்பவர்கள் எழுதட்டும், தீர்மான நோட்டில் ஏற்றுவது உங்கள் வேலை என்று சொல்லுங்கள்.

தீர்மானத்தின் நகல் சங்கக் கிளைகளில் இருக்கிறது. பட்டா நகல், பயிர்க்கடன் பாஸ்புக், இடிந்த சுவரின் போட்டோ ஒன்று, ரேஷன் கார்டு நகல் இவற்றை எடுத்துக்கொண்டு கிராம சபை நாளன்று காலை பத்து மணிக்கே வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, எத்தனை பாத்திரம் வைத்துப் பிடிக்கிறோம் என்று அவர்கள் எழுந்து சொன்னால் அதற்கு மேடையில் இருப்பவர்களிடம் பதில் இருக்காது.