பேயை நமக்குக் காட்டுவது யார்?



'காஞ்சனா' (2011) பார்க்காதவங்க நம்ம வகுப்பில் யாராவது உண்டா? டிவியில் எத்தனாவது தடவை போட்டாலும் எங்க தெருவே உட்கார்ந்து பார்க்கும். மறுநாள் எல்லாரும் லாரன்ஸ் ஆடியதையும் சரத்குமார் வந்ததையும் பற்றியே பேசுவாங்க. என் கருத்து வேறு. அந்தப் படத்தில் பேய் இருக்குன்னு நம்மை நம்ப வைத்தவர், லாரன்ஸின் அம்மாவாக வந்த கோவை சரளாதான்.

யோசித்துப் பாருங்க. வீட்டில் பேய் இருக்கான்னு அவரும் மருமகளாக வரும் தேவதர்ஷினியும் தேங்காய் வைத்துச் சோதனை பண்ணுவாங்களே! தேங்காய் தானா சுத்தினா என்ன? பம்பரம்கூடத்தான் சுத்துது. அதைப் பார்த்து அவங்க முகம் மாறும்போதுதான் நமக்கு முதுகு சில்லுன்னு ஆகுது. உடனே சிரிப்பும் வந்துடுது. பேய்க்கு மை, தலைமுடி, கம்ப்யூட்டர் எல்லாம் உதவிக்கு இருக்கு. பயப்படுறவங்களுக்கு முகத்தையும் குரலையும் விட்டால் வேறு என்ன இருக்கு? (நான் கண்ணாடி முன்னாடி நின்று பயப்பட்டுப் பார்த்தேன். தும்மல் வருவது மாதிரிதான் இருந்தது.)

அவர் பிறந்தது கோயம்புத்தூர். பள்ளியில் படிக்கும்போதே நடிக்க வந்துவிட்டார். முதல் படம் 'வெள்ளி ரதம்' (1979). 'முந்தானை முடிச்சு' (1983) படத்தில் கர்ப்பிணி வேஷம். 'சின்ன வீடு' (1985) படத்தில் பாக்யராஜுக்கு அம்மா! நிஜத்தில் பாக்யராஜ்தான் அவரைவிடப் பெரியவர். அப்புறம் 'கரகாட்டக்காரன்' (1989), 'சதி லீலாவதி' (1995) என்று எத்தனையோ படங்கள். 'சதி லீலாவதி'யில் கமலுக்கே ஜோடி. கோவைத் தமிழில் அவர் பேசுறதைக் கேட்டுக்கினே இருக்கலாம். பேய்ப் படம் என்றால் 'முனி' (2007) தொடங்கி 'அரண்மனை 4' (2024) வரை வந்திருக்கிறார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. பழைய காமெடிகளில் அவர் நிறத்தையும் உருவத்தையும் கிண்டல் செய்வாங்க. நாமும் சிரித்தோம். அதே கிண்டலை நம்ம வகுப்பிலும் பண்றோம். யாரை என்று எழுத மாட்டேன், அவளுக்குத் தெரியும்.

சரி, இதை ஏன் எழுதுறேன் என்றால், ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ஆயா வேஷம் கொடுத்திருக்காங்க. ராணி வேஷம் கிடைக்கும்னு நினைத்தேன். "நீ கறுப்பா இருக்கே, கிழவிதான் பொருந்தும்"னு ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தாங்க. நான் நடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன். சாப்பிடவும் இல்லை.

அப்புறம்தான் 'செம்பி' (2022) ஞாபகம் வந்தது. பிரபு சாலமன் எடுத்த படம். கொடைக்கானல் மலையில் தேன் எடுக்கும் பழங்குடிப் பாட்டியாக கோவை சரளா வருவார். பேத்திக்குக் கொடுமை நடந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு நியாயம் தேடிப் போவார். அதில் அவர் சிரிக்க வைக்கவே இல்லை. கதையே அந்தப் பாட்டியால்தான் நடக்குது. சுமார் நாற்பது வருஷம் அம்மா, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி என்று நடித்தவருக்கு அறுபது வயதில் அப்படி ஒரு வேஷம் வந்திருக்கு. அதுக்கு முன்னாடியே கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் கோபம்.

நம்ம நாடகத்தில் ராணிக்கு மொத்தம் ஆறு வசனம். ஆயாவுக்குப் பதினொன்று. எண்ணிப் பார்த்துட்டேன். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது எங்க ஆயா முதலில் எந்தக் கையை ஊன்றுதுன்னு இரண்டு நாளாகக் கவனித்துக்கினு இருக்கேன். இடது கை. அப்புறம்தான் "அப்பாடா" வரும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, வேங்கிக்கால்