பைபாஸ்னா எந்த இடம்?

1/ நைட் டூட்டி. பைக்ல வந்து விழுந்த பையன். பார்த்தவர் உடனே 108-க்குக் கூப்பிட்டுட்டார். ஆனா சொன்னது "திண்டுக்கல் பைபாஸ்ல ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க", அவ்வளவுதான். எந்த இடம், எந்தப் பக்கம்னு திரும்பக் கேட்டு கண்டுபிடிக்கிறதுலயே நேரம் போயிடுச்சு.

2/ நம்ம ஊர்ல, ரோடு எந்த ஊருக்குப் போகுதோ அதுதான் அதோட பேரு. நாகல் நகர்ல யாரைக் கேட்டாலும் திருச்சி ரோடு, நத்தம் ரோடு, பழனி ரோடுன்னுதான் வழி சொல்வாங்க. நாலா பக்கமும் பாதை கூடுற ஊரு இது. 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாரா வந்த காலத்துலயும் மலைக்கோட்டைக்கு மதிப்பு அதனாலதான்.

3/ இதுல பெரிய ரோடு பழைய தேசிய நெடுஞ்சாலை 7. வாரணாசியில கிளம்பி நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியா கன்னியாகுமரி. 2,369 கி.மீ. 2010-ல் எண்களை மாத்தினப்போ இதோட பெரும்பகுதி ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44-ல சேர்ந்துடுச்சு. பழனி ரோடும் திருச்சி ரோடும் இப்ப 83. வத்தலக்குண்டு ரோடு 183.

4/ ரோடு ஊருக்குள்ள இருந்தவரை டீக்கடை, பெட்ரோல் பங்க்னு அடையாளம் சொல்லலாம். பைபாஸ்ல ராத்திரி 2 மணிக்கு எதைச் சொல்றது? நடுவுல மீடியன் வேற. பக்கம் மாறிப் போனா ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுத்தி வரணும். உள்ளுக்குள்ள ரத்தம் கசியறவருக்கு அந்த நிமிஷங்கள்தான் உயிர்.

5/ அதனால கிலோமீட்டர் கல்லைப் பாருங்க. தலை மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சையா இருந்தா மாநில நெடுஞ்சாலை. கல்லுல இருக்கிற ஊர், தூரம், விபத்து எந்த ஊருக்குப் போற பக்கம்னு சொல்லுங்க. அவங்க கேட்டு முடிக்கிறவரை போனை வைக்காதீங்க. தேசிய நெடுஞ்சாலைக்கு 1033-ம் இருக்கு.

6/ நம்பர் மாத்தினதுல எனக்குப் பிரச்சினை இல்ல. போர்டுல 44-க்குப் பக்கத்துலயே மக்கள் சொல்ற பேரையும், ஒவ்வொரு பாலத்துலயும் அந்த இடத்தோட பேரையும் ராத்திரியில தெரியற மாதிரி எழுதுங்கன்னுதான் கேக்கறேன். பதட்டத்துல யாருக்கும் நெடுஞ்சாலை எண் ஞாபகம் வராது. வாய்ல வர்ற பேரு போர்டுலயும் இருக்கணும்.

7/ இன்னைக்கு வீட்டுல பசங்களுக்கு அந்த மஞ்சக் கல்லைக் காட்டிடுங்க. போதும்.